நாய்க்குட்டிக்கு வீட்டிலேயே நகம் வெட்டுவது எப்படி? கருப்பு நகக் குட்டி வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து

மிளகு வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஏழு வாரம் இருக்கும். தெருவில் பிறந்த குட்டி. உடம்பு முழுக்கக் கருப்பு. முன்வலது பாதம் மட்டும் சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளை. மடியில் ஏறினால் லுங்கியில் நூல் இழுக்கும், தூக்கினால் முன்கையில் சிவப்புக் கோடு விழும். நகம் வெட்டிவிடணும் என்றதும் அம்மா சிரித்தார். "தெருவுல ஓடுனா தானா தேஞ்சிரும். நாய்க்கு எவன்டா நகம் வெட்டுனான்?"

அம்மா சொன்னது தெரு நாய்க்குச் சரி. நாளெல்லாம் தார் ரோட்டில் ஓடுகிற நாய்க்கு நகம் வளர வளரத் தேய்ந்துவிடும். மொசைக், டைல்ஸ் தரையில் வளர்கிற குட்டிக்கு அந்த உரசல் கிடையாது. எவ்வளவு ஓடினாலும் தேயாத நகம் ஒன்றும் இருக்கிறது. முன்கால்களின் உட்பக்கம், சற்று மேலே, நம் கட்டைவிரல் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த விரலின் நகம். தரையையே தொடாததால் அது பாட்டுக்கு வட்டமாகச் சுருண்டு, கடைசியில் சொந்தச் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். ரோமம் அடர்ந்த குட்டிகளில் புண்ணாகி நாற்றம் வரும்வரைகூடச் சிலர் கவனிப்பதில்லை.

நகம் நீண்ட நாய் நிற்கும்போது நகம் தரையில் முட்டி விரலை மேலே தள்ளும். அந்த அழுத்தத்திலிருந்து தப்பிக்க நாய் பாதத்தைக் கோணலாக வைக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் விரல்கள் அகண்டு, நடையே மாறிவிடும். பாயிலும் போர்வையிலும் நகம் மாட்டிப் பிய்ந்து வருவது தனித் தொல்லை.

நகத்துக்குள் என்ன இருக்கிறது

வெட்டுவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். வெளியே தெரிவது நம் நகம் போலவே உணர்ச்சியில்லாத ஓடு. அதன் உள்ளே, பென்சிலுக்குள் கரி ஓடுவது போல ஒரு சதை ஓடுகிறது. ரத்தக்குழாயும் நரம்பும் அதில்தான். டாக்டர்களும் குரூமிங் கடைக்காரர்களும் இதை க்விக் என்பார்கள். ஓட்டை வெட்டினால் குட்டிக்கு ஒன்றும் தெரியாது. க்விக்கில் பட்டால் வலிக்கும், ரத்தம் வரும். நகக்கண்ணில் ஊசி ஏறினால் நமக்கு எப்படி இருக்குமோ, அதே வலி.

வெள்ளை நகத்தில் இந்தச் சதை ரோஜா நிறத்தில் வெளியிலிருந்தே தெரியும். கருப்பு நகத்தில் எதுவும் தெரியாது. வீட்டுக்காரர்கள் பயப்படுவதெல்லாம் இந்தக் கருப்பு நகத்துக்குத்தான். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று: நகம் நீள நீள க்விக்கும் கூடவே நீளும். அடிக்கடி நுனியை மட்டும் எடுத்துவந்தால் அது மெல்லப் பின்வாங்கும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறைய வெட்டுவதைவிட, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துளி துளியாக எடுப்பது நல்லது. வளர்ந்த நாய்க்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். வீட்டுக்குள் நடக்கும்போது டைல்ஸில் டக் டக் என்று சத்தம் கேட்டால் நாள் தள்ளிப்போய்விட்டது என்று அர்த்தம்.

மொத்தம் எத்தனை நகம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான நாய்களுக்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு, ஆக 18. சில குட்டிகளுக்குப் பின்காலிலும் அந்தக் கட்டைவிரல் இருக்கும். செயின்ட் பெர்னார்ட் மாதிரி இனங்களில் அது இரட்டையாகக்கூட இருக்கலாம்.

வாங்கி வைக்க வேண்டியவை

பிறந்து மூன்று நான்கு வாரமே ஆன குட்டிக்கு நாம் பயன்படுத்தும் நெயில் கட்டரே போதும். தாயிடம் பால் குடிக்கும்போது அதன் மடியைக் கீறுகிற அந்தக் கொக்கி நுனியை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் கட்டரைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடியுங்கள். நம் நகம் தட்டை, நாயின் நகம் உருண்டை. மேலும் கீழுமாக நசுக்கினால் நகம் நீளவாக்கில் பிளந்துவிடும்.

இரண்டு மாதத்துக்கு மேல் நாய்க்கென்றே விற்கிற கட்டர் வேண்டும். கத்தரிக்கோல் மாதிரி வாயில் வளைவுள்ள சின்ன கட்டர்தான் குட்டிக்கு என் சிபாரிசு. ஓட்டைக்குள் நகத்தை நுழைத்து வெட்டுகிற வகையும் உண்டு. துள்ளுகிற குட்டியின் நகத்தை ஓட்டைக்குள் நுழைப்பதற்குள் நமக்கு வியர்த்துவிடும். சில கட்டர்களில் 'அதிகம் வெட்டாமல் இருக்க' என்று ஒரு தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள். உங்கள் குட்டியின் க்விக் எங்கே முடிகிறது என்று அந்தத் தகட்டுக்குத் தெரியாது, அதை நம்ப வேண்டாம். கட்டர் எதுவானாலும் கூர் மழுங்கக் கூடாது. மழுங்கிய கட்டர் வெட்டுவதற்கு முன் நகத்தை நசுக்கும். க்விக்கில் படாமலேயே குட்டி கத்துகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சுழலும் அரம் வைத்த கிரைண்டரும் கிடைக்கிறது. கருப்பு நகத்துக்கு அது பத்திரமானது. ஆனால் சத்தமும் அதிர்வும் பழக நாள் பிடிக்கும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் சூடேறிவிடும். பக்கத்து ரோமம் சுற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. முதல் சில மாதங்களுக்குக் கட்டரே போதும்.

அடுத்து, ரத்தம் நிறுத்தும் பொடி. நாய்க்குட்டிச் சாமான் விற்கும் கடைகளில் ஸ்டிப்டிக் பவுடர் என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் சோள மாவு, அதாவது கடையில் கார்ன் ஃப்ளார் என்று கொடுக்கிற வெள்ளை மாவு, ஒரு ஸ்பூன் மூடியில் எடுத்துக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வெட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள். ரத்தம் வந்த பிறகு சமையலறைக்கு ஓடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக லஞ்சம். ஒரு எவர்சில்வர் தட்டில் கெட்டித் தயிரை மெல்லிசாகத் தடவி வைத்தால் குட்டி நக்கிக்கொண்டே இருக்கும், நமக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும். உப்பு, மசாலா போடாமல் வேகவைத்த கோழித் துணுக்குகளும் நல்லது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம், கிட்டேயே கொண்டுவராதீர்கள். வேர்க்கடலை பட்டர் கொடுப்பவர்கள் சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற சைலிட்டால் சேர்த்திருக்கிறதா என்று டப்பாவில் படித்துப் பாருங்கள். அதுவும் நாய்க்கு ஆகாது.

முதல் வாரம் வெட்டவே வேண்டாம்

நான் இதைச் செய்யாமல் நேரே கட்டரை எடுத்தவன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நகம் வெட்டுவது இரண்டு விநாடி வேலை. குட்டி காலைக் கொடுத்து, கொடுத்த காலை உருவாமல் இருப்பதுதான் பெரிய வேலை. மூன்று வாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை மாதம் வரை குட்டிகள் புதிதாக எதையும் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் கால் தொடுவது நல்ல விஷயம் என்று மனதில் பதிந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க உங்களுக்குச் சண்டை இல்லை.

விளையாடி ஓய்ந்து, சாப்பிட்டு, கண் சொருகுகிற நேரம் பாருங்கள். தோளிலிருந்து கையை மெல்ல வழுக்கிக்கொண்டே பாதத்துக்கு வாருங்கள். திடீரென்று பாதத்தைப் பிடிக்காதீர்கள். ஒரு விநாடி பிடி, விடு, ஒரு கோழித் துணுக்கு. உருவிக்கொண்டால் இழுக்காதீர்கள், தொடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுநாள் விரலின் மேலே கட்டைவிரலையும் கீழே மெத்தையில் ஆள்காட்டி விரலையும் வைத்து லேசாக அழுத்துங்கள். நகம் வெளியே நீண்டு வரும். வெட்டும்போதும் இதே பிடிதான்.

மூன்றாம் நாள் கட்டரைத் தரையில் போட்டு முகர விடுங்கள். பிறகு மூடிய கட்டரால் நகத்தைத் தொட்டுவிட்டு ஒரு துணுக்கு. சத்தத்துக்குப் பழக்க ஒரு சுலப வழி: தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, குட்டியின் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கட்டரால் துண்டு துண்டாக வெட்டுங்கள். நகம் வெட்டுகிற அதே 'டிக்' சத்தம். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வாய்த் தீனி. மிளகுக்கு இரண்டாவது முறை பழக்கியபோது பாதித் துடைப்பம் காலி. அம்மாவின் திட்டு தனிக்கதை.

வெட்டும் நாள்

வெளிச்சம் வேண்டும். பகலில் ஜன்னலோரம் உட்காருங்கள். குட்டியை மடியில், அதன் முதுகு உங்கள் வயிற்றில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு துண்டைச் சுற்றி, வெட்டப்போகும் காலை மட்டும் வெளியே எடுக்கலாம். இன்னொருவர் இருந்தால் அவர் தயிர்த் தட்டைப் பிடிக்கட்டும். குட்டியை அமுக்கிப் பிடிக்க ஆள் வைக்காதீர்கள். அமுக்கினால் பயம் இரட்டிப்பாகும்.

பின்கால்களுக்கு, குதிரைக்கு லாடம் அடிப்பவர் பிடிக்கிற மாதிரி பாதத்தைப் பின்பக்கமாக மடக்கினால் மெத்தை மேலே தெரியும், நகத்தின் அடிப்பக்கமும் தெளிவாகத் தெரியும். முன்காலையும் அப்படியே மடக்கலாம். ஆனால் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், நாயின் தோள் அந்தப் பக்கம் நம் கை போல விரியாது. ஷிட்சூ, லாசா மாதிரி சடை நாய்களுக்கு விரலிடுக்கு ரோமத்தைக் கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள்.

குட்டி நேராக நிற்கும்போது தரை எந்தக் கோட்டில் இருக்குமோ, அந்தக் கோட்டுக்கு இணையாக வெட்ட வேண்டும். நகத்துக்குக் குறுக்கே செங்குத்தாக வெட்டினால் க்விக்கில் படும் வாய்ப்பு அதிகம். வெள்ளை நகத்தில் ரோஜா நிறம் முடிகிற இடத்திலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி நிறுத்துங்கள். குட்டியின் நகத்தில் பெரும்பாலும் அந்த ஊசி நுனி மட்டும்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கட்டரை வைத்ததும் தயங்காமல் ஒரே அழுத்து. பாதி அழுத்தி நிறுத்தினால் நகம் நசுங்கும். டிக், ஒரு துணுக்கு. முதல் நாள் ஒரே ஒரு நகம். ஆமாம், ஒன்றுதான். மீதி 17 நகம் எங்கும் ஓடிப்போகாது. நாளுக்கு ஒன்று, பழகிய பிறகு நாளுக்கு ஒரு கால். நான்கு காலையும் ஒரே மூச்சில் முடிக்கிற நாள் தானாக வரும். கட்டைவிரல் நகத்தை மறக்காதீர்கள். அது தொளதொளவென்று ஆடும், விரலை அடியிலிருந்து தாங்கிப் பிடித்துத்தான் வெட்ட வேண்டும்.

குளிப்பாட்டிய பிறகு நகம் கொஞ்சம் இளகியிருக்கும், அப்போது வெட்டுவது சுலபம். ஆனால் குளியலை வெறுக்கிற குட்டி என்றால் இரண்டு கோபத்தையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

கருப்பு நகம்

முதலில் பாதத்தைத் திருப்பி நகத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நுனியில் ஒரு சிறு பள்ளம், படகின் உட்பக்கம் போலக் குழிந்திருக்கும். அந்தப் பள்ளம் இருக்கிற வரை வெறும் ஓடு. பள்ளம் மூடி நகம் உருண்டு தடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் க்விக் தொடங்கும். குட்டியின் நகத்தில் அந்தக் கொக்கி நுனியை எடுப்பதோடு நிறுத்தினால் கருப்பானாலும் பயமில்லை.

அதற்கு மேல் எடுக்க வேண்டியிருந்தால் வெங்காயம் பொடியாக நறுக்குகிற மாதிரி மெல்லிய சீவல்களாக எடுங்கள், ஒரு சீவல் 1 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் வெட்டிய முகத்தை நேரே பாருங்கள். முதலில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் பொடிப் பொடியாக இருக்கும். இன்னொரு சீவல் எடுக்கலாம். அடுத்து நடுப்பகுதி கொஞ்சம் பளபளப்பாக, ஈரம் கோத்த மாதிரி மாறும். நடுவில் மிளகுப்பொடி அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரிந்ததும் கட்டரைக் கீழே வையுங்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் க்விக் காத்திருக்கிறது. செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்க்கும் வித்தை பழுப்பு நகத்துக்குக் கொஞ்சம் உதவும், கன்னங்கருப்புக்கு உதவாது.

உங்கள் குட்டிக்கு ஒரு பாதமோ ஒரு விரலோ வெள்ளையாக இருந்தால் அதிர்ஷ்டம்தான். மிளகின் வெள்ளைப் பாதத்தில் க்விக்குக்கு முன்னால் எவ்வளவு ஓடு மிச்சம் என்று பார்த்துக்கொண்டு, அதைவிடக் குறைவாகத்தான் மற்ற மூன்று பாதங்களிலும் எடுக்கிறேன். எல்லா நகமும் ஒரே அளவில் வளராது என்பதால் அதை ஒரு குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் வந்துவிட்டால்

என் முதல் நாள் இப்படித்தான் முடிந்தது. ஒரே மூச்சில் நாலு நகம் முடித்த தெம்பில் ஐந்தாவதைக் கொஞ்சம் உள்ளே வெட்டிவிட்டேன். 'கீ' என்று ஒரே கத்து. மொசைக் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். அம்மா மஞ்சள் டப்பாவோடு ஓடிவந்தார், பக்கத்து வீட்டு அண்ணன் "காபித்தூளை வைங்க தம்பி" என்றார். நான் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றுமே வேண்டாத வேலை. துடைக்கத் துடைக்க உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி வரும். மஞ்சள் தரையைத்தான் கறையாக்கும். காபித்தூளை நாய் நக்கினால் அதிலுள்ள கஃபீன் அதற்கு ஆகாது.

சரியான வழி இது. ஸ்டிப்டிக் பவுடரையோ சோள மாவையோ ஒரு சிட்டிகை எடுத்து நகத்தின் நுனியில் அப்பி, விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டு முதல் ஐந்து நிமிடம். நடுவில் நின்றதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் முப்பது விநாடியே ஐந்து நிமிடம் போலத் தோன்றும். ஸ்டிப்டிக் பவுடர் முதலில் சுரீரென்று எரியும், குட்டி இன்னொரு முறை காலை உதறும். நின்ற பிறகு அரை மணி நேரம் ஓடவோ நக்கவோ விடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அதோடு சரி. நல்லபடியாக முடியட்டும் என்று ஒரு தீனி மட்டும் கொடுங்கள். வலிக்குமே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அவை ஆபத்து.

20 நிமிடம், அரை மணி ஆகியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். உண்ணி கடித்து வரும் காய்ச்சலில் நாயின் ரத்தத் தட்டணுக்கள் குறைந்துபோகும், அப்போது சின்ன வெட்டுகூட நிற்காது. உண்ணி அதிகமுள்ள நம் ஊரில் இதை மறந்துவிடக் கூடாது. டாபர்மேன்களில் பிறவியிலேயே ரத்தம் சீக்கிரம் உறையாத கோளாறு அதிகம். அவற்றுக்கு முதல்முறை டாக்டர் முன்னாலேயே வெட்டுவது நல்லது.

குட்டி கடித்தால், கீறினால்

பயத்தில் குட்டி கடிப்பதும் நடக்கும். வீட்டுக் குட்டிதானே, பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள். குட்டிகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி பொதுவாக மூன்று மாதம் ஆன பிறகே போடுகிறார்கள். அதுவரை அதற்குப் பாதுகாப்பு இல்லை. தெருவிலிருந்து எடுத்த குட்டியின் தாயைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறியிருந்தால் குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம். காயத்தில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு வைப்பதெல்லாம் வேண்டாம்.

உறுமினதற்காகக் குட்டியை அடிக்காதீர்கள். உறுமல் 'போதும்' என்கிற எச்சரிக்கை. அடித்தால் அடுத்த முறை உறுமாமலேயே கடிக்கும். நிறுத்திவிட்டு, பிறகு ஈர்க்குச்சிப் பாடத்திலிருந்து மறுபடி தொடங்குங்கள். நகம் வேரோடு பிய்ந்திருந்தால், சதைக்குள் வளைந்து இறங்கியிருந்தால், விரல் வீங்கிக் குட்டி காலை ஊன்றாமல் நொண்டினால் வீட்டில் கட்டரைத் தொட வேண்டாம். அது கால்நடை மருத்துவரின் வேலை.

மிளகுக்கு இப்போது ஒன்றரை வயது. ஞாயிறு காலை கட்டர் இருக்கும் டப்பாவைத் திறந்தால் தயிர்த் தட்டு எங்கே என்று சமையலறைப் பக்கம் பார்க்கிறாள். வெள்ளைப் பாதத்தை அவளாகவே நீட்டிவிடுவாள். அன்று ரத்தம் வந்தது பின்னங்காலில். அந்தக் காலுக்கு மட்டும் இன்னும் இரண்டு ஸ்பூன் தயிர் கூடுதலாகக் கேட்கிறாள்.